படுக்கையும் சிறுநீரும்

வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் உறவினர் வந்து கேட்கும் கேள்விகள் மூன்று. சாப்பிட்டாரா? தூங்கினாரா? மருந்து கொடுத்தாயிற்றா? நான்காவதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சிறுநீர் சரியாகப் போகிறதா, எவ்வளவு போகிறது, எந்த நிறத்தில் போகிறது என்பதே அது. அதைக் கேட்பார் அரியர். கேட்பவர்க்கும் நாணம், சொல்பவர்க்கும் நாணம். இந்த நாணத்துக்காக நோயாளி கொடுக்கும் விலை மிகப் பெரிது.

நான் மருத்துவம் பயிலும் மாணவன். தில்லிக்குப் படிக்கவந்த நம் சங்கத்து நண்பர்கள், ஊரிலிருந்து தொலைபேசியில் வந்த செய்தியோடு என் விடுதி அறைக்கு வருவதுண்டு. "அப்பாவுக்குப் பக்கவாதம். டியூப் போட்டிருக்கிறார்களாம். அது எத்தனை நாள் இருக்கும்?" என்பார் ஒருவர். "பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று முதல் ஏதேதோ பிதற்றுகிறாளாம். வயதுக் கோளாறுதானே?" என்பார் இன்னொருவர். பொருளாதாரமும் சட்டமும் பயில்கின்றவர்கள் இவற்றுக்கு விடை அறிந்திருக்கவேண்டும் என்பதில்லை. ஆயினும், ஊரில் நோயாளியின் பக்கத்தில் இருக்கும் தாயும் தங்கையும் யோசனை கேட்பது படித்த பிள்ளையாகிய அவரைத்தான். ஆகவே, நம் இதழாசிரியர் ஒரு கட்டுரை வேண்டும் என்றபோது இப்பொருளையே எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்லவந்தது ஒன்றே. நெடுநாள் படுத்துக்கிடப்பவர்க்கு வரும் சிறுநீர்த் தொல்லைகளில் பெரும்பகுதி, அவரைப் படுக்கையில் தள்ளிய நோயினால் நேராக வருவதன்று. படுத்திருப்பதால் நீர் தேங்குகிறது. தேங்குவதால் தொல்லை வருகிறது. எனவே அதில் பெரும்பகுதியைத் தடுக்கவும் இயலும். தடுக்கும் வேலையில் பாதிக்குமேல் வீட்டாருடையது.

நிற்கும் உடலும் கிடக்கும் உடலும்

நம் முதுகுப்புறத்தில், விலாவெலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவை இரத்தத்தை வடிகட்டி நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் சிறுநீரை உண்டாக்குகின்றன. அந்நீர், 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு மெல்லிய குழல்களின் வழியே அடிவயிற்றிலுள்ள சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. குழல்களின் சுவர்கள் அலைபோலச் சுருங்கி நீரைத் தள்ளுகின்றன. நாம் நிற்கும்போதும் உட்காரும்போதும் பூமியின் ஈர்ப்பும் இதற்குத் துணைசெய்கிறது.

மல்லாந்து படுத்தவுடன் இத்துணை போய்விடுகிறது. சிறுநீரகத்தின் உட்கிண்ணங்களில் சில, நீர் வெளியேறும் வாயைவிடத் தாழ்ந்துவிடுகின்றன. அவற்றில் சிறிது நீர் தங்குகிறது. சிறுநீர்ப்பையிலும், வாய்ப்புறத்தில் சேரவேண்டிய கசடு பின்சுவரில் படிகிறது. ஓர் இரவு உறங்கி எழுபவருக்கு இதனால் கேடில்லை. எழுந்தவுடன் எல்லாம் கழுவப்பட்டுவிடும். மாதக்கணக்கில் எழாதவருடைய நிலை வேறு. ஓடும் வாய்க்காலில் பாசி பிடிப்பதில்லை, குட்டையில் பிடிக்கிறது. கிருமிகள் பெருகுவதற்கும் உப்புகள் படிவதற்கும் வேண்டியது தேக்கமே.

எலும்பிலிருந்து வரும் கல்

"அவர் சாப்பிடுவதே இரண்டு கரண்டிக் கஞ்சி, அவருக்கு எப்படிக் கல் வந்தது?" என்று கேட்பார்கள். கல் சாப்பாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, எலும்பிலிருந்தும் வரும்.

எலும்பு உயிருள்ள பொருள். உடலின் பாரத்தைத் தாங்குமளவும் அது தன் சுண்ணாம்புச் சத்தைக் காத்துக்கொள்ளும். பாரம் நீங்கினால், சுண்ணாம்பு கரைந்து இரத்தத்தில் சேர்ந்து சிறுநீர் வழியே வெளியேறத் தொடங்கும். இதை 1948-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி தெளிவாகக் காட்டிற்று. டீட்ரிக், வீடன், ஷார் என்னும் மூவர், நோயற்ற இளைஞர் நால்வரை இடுப்பு முதல் கால்வரை மாவுக்கட்டில் வைத்து ஆறேழு வாரங்கள் படுக்கச் செய்தனர். சில வாரங்களில் அவர்களது சிறுநீரில் சுண்ணாம்பின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. நல்ல உடற்கட்டுள்ள வாலிபர்க்கே இந்நிலையென்றால் முதியவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. விண்வெளியில் எடையின்றி மிதக்கும் வீரர்களும் இதே காரணத்தால் எலும்புச் சத்தை இழக்கின்றனர்.

சுண்ணாம்பு மிகுந்த நீர் தேங்கி நிற்கிறது. அதில் புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் புகுந்தால் கேடு முற்றுகிறது. அவை சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கும். நீரின் புளிப்புத் தன்மை மாறிக் காரத்தன்மை ஏறும். அப்போது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் ஆகியன சேர்ந்து கல்லாய் உறையும். இக்கல் சில சமயம் சிறுநீரகத்தின் உட்கிண்ணங்கள் அனைத்தையும் நிரப்பி, கிளைவிட்ட மான்கொம்பு போல வளர்ந்துவிடும். கல்லுக்குள்ளேயே கிருமிகள் குடியிருப்பதால் மருந்து அவற்றை முற்றும் சென்று எட்டாது. வாழைத்தண்டுச் சாறு கரைத்துவிடும் என்று நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவது இங்கே ஆபத்து.

நிரம்பி வழிதல்

நான் மருத்துவமனைக் கூடத்தில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று: "நீர் நன்றாகப் போகிறது ஐயா, துணி நனைந்துகொண்டே இருக்கிறது." துணி நனைவதனால் பை காலியாகிறது என்று பொருளன்று. நிரம்பிய பானையிலிருந்து வழிவதுபோல, தாங்கமுடியாமல் நிரம்பிய பையிலிருந்தும் சொட்டுச் சொட்டாய் வழியும்.

சிறுநீர்ப்பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். படுத்த நிலையில், அதுவும் பிறர் பார்க்க, பெட்பேனில் நீர் கழிப்பது பலர்க்கு இயலாது. முதியவர்களில் ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கலாம். நீரிழிவு, பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம் ஆகியவற்றால் பையின் நரம்புகள் கெடலாம். உறக்கத்துக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் பையின் தசையைத் தளர்த்தலாம். இவை எல்லாவற்றையும்விட எளிதில் மறக்கப்படும் காரணம் மலச்சிக்கல். குடலில் இறுகிய மலம் பையின் கழுத்தை அழுத்தி நீரை நிறுத்திவிடும். மலம் நீங்கிய அன்றே நீரும் தாராளமாகப் போவதை நான் கண்டிருக்கிறேன்.

பை எப்போதும் நிரம்பியே இருந்தால் அழுத்தம் மேல்நோக்கி ஏறும். குழல்கள் விரியும், சிறுநீரகம் வீங்கும், காலப்போக்கில் அதன் வேலை குன்றும். ஆகவே துணி நனைகிறதா என்று மட்டும் பார்த்தல் போதாது. தொப்புளுக்குக் கீழே வயிறு பந்துபோல் எழும்பியிருக்கிறதா என்று கையால் தொட்டும் பார்க்கவேண்டும்.

குழாயின் நன்மையும் தீமையும்

நீர் போகாதபோது மருத்துவர் கத்தீட்டர் என்னும் வடிகுழாயைச் செலுத்துவார். இப்போது எங்கும் வழங்கும் குழாய், ஃபோலி என்னும் அமெரிக்க மருத்துவர் 1930-களில் உருவாக்கியது. அதன் நுனியில் சிறிய பலூன் உண்டு. உள்ளே சென்றபின் அதில் தூய நீரை நிரப்பினால் குழாய் நழுவாமல் நிற்கும். ஆகையால் அதை ஒருபோதும் இழுத்து எடுக்கலாகாது. மனம் கலங்கிய நோயாளி தாமே பிடித்து இழுத்துக் குருதி பெருகுவதும் உண்டு. குழாயைத் தொடையில் பிளாஸ்திரியால் தளர்வாக ஒட்டிவைப்பது இதற்காகவே.

குழாய் உயிர் காக்கும் கருவி. ஆயினும் வெளியுலகத்துக்கும் பைக்கும் இடையே அது ஒரு பாலம். கிருமிகள் அப்பாலத்தின் மேல் ஏறுகின்றன. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும், 100 பேரில் 3 முதல் 7 பேர் வரை புதிதாகச் சிறுநீரில் கிருமி சேரப்பெறுகின்றனர். ஒரு மாதமானால் ஏறத்தாழ எல்லாருக்கும் கிருமி இருக்கும். ஆகவே மருத்துவரிடம் நாம் நாள்தோறும் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: "இக்குழாய் இன்றும் வேண்டுமா?" துணியும் படுக்கையும் நனையாமலிருக்க வேண்டும் என்னும் வசதிக்காக மட்டும் குழாயை வைத்திருப்பது நோயாளிக்கு நன்மையன்று.

குழாய் இருந்தே தீரவேண்டுமானால் சில விதிகள் உள. சேகரிக்கும் பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் தரையைத் தொடலாகாது. நோயாளியை ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது பையைத் தூக்கி அவர் வயிற்றின்மேல் வைக்கிறார்கள். உடனே கெட்ட நீர் திரும்பி உள்ளே ஓடுகிறது. குழாய் மடிந்தோ உடலின் கீழ் நசுங்கியோ கிடக்கலாகாது. குழாயையும் பையையும் அடிக்கடிப் பிரித்துப் பூட்டலாகாது. தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பால் கை கழுவவேண்டும். குழாய் நுழையுமிடத்தை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் போதும். குழாயை மாற்றும் நாளை மருத்துவரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். லேடெக்ஸ் குழாய்க்கும் சிலிக்கோன் குழாய்க்கும் கால அளவு வேறு.

மேலும் ஒன்று. குழாயுள்ளவரின் நீர் கலங்கியிருக்கிறது, நாறுகிறது என்பதற்காக மட்டும் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலும் வலியும் இல்லாதபோது அம்மருந்து கிருமியை ஒழிப்பதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமியையே வளர்க்கிறது. நாளை உண்மையாகவே நோய் வரும்போது கொடுக்க மருந்திராது.

சில சமயம் பையும் குழாயும் ஊதா நிறமாக மாறிவிடும். வீட்டார் அஞ்சி நடுங்குவர். 1978 முதல் மருத்துவ ஏடுகளில் பேசப்படும் இதன் காரணம் சுவையானது. மலச்சிக்கலால் குடலில் தேங்கும் உணவுச் சத்து ஒன்று பல மாற்றங்கள் அடைந்து சிறுநீருக்கு வருகிறது. அங்குள்ள கிருமிகள் அதிலிருந்து நீலச் சாயமும் சிவப்புச் சாயமும் உண்டாக்குகின்றன. அந்நீலம் நம் ஊர் அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் அதே நீலந்தான். நிறத்தினால் கேடில்லை, கிருமியும் மலச்சிக்கலும் இருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

போர் கற்பித்த பாடம்

நிலையான குழாய் ஒன்றுதான் வழியா? அன்று. இதை உலகுக்குக் காட்டியவர்கள் முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்களே.

முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தோரில் பெரும்பாலோர் நெடுநாள் வாழவில்லை. அவர்களைக் கொன்றவை பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணுமே. அவர்களைக் காப்பாற்ற முடியாது என்பதே அந்நாளைய மருத்துவர் பலரின் எண்ணமாக இருந்தது. ஜெர்மனியிலிருந்து அகதியாய் இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்னும் யூத மருத்துவர் அதை ஏற்கவில்லை. 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு தனிப் பகுதியைத் தொடங்கினார். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். குழாயை உள்ளேயே விட்டுவைக்காமல், குறித்த நேரங்களில் தூய முறையில் செலுத்தி, நீரை வடித்து, உடனே எடுத்துவிடும் வழக்கத்தை வற்புறுத்தினார். இறப்பார் என்று விடப்பட்டவர்கள் எழுந்து நாற்காலியில் அமர்ந்தனர். 1948-ல் அங்கே சக்கர நாற்காலியில் அமர்ந்து 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டின் வித்து அதுவே.

1972-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் லாபிடஸ் என்னும் மருத்துவர் இன்னோர் அடி முன்னே வைத்தார். மருத்துவமனையின் கடுந்தூய்மை தேவையில்லை. சோப்பால் கழுவிய கையும் கழுவிய குழாயும் கொண்டு நோயாளி தாமே நாளில் பலமுறை நீரை வடித்துக்கொள்ளலாம் என்று அவர் காட்டினார். கிருமியைவிடத் தேக்கமே பெரும்பகை என்பது அவர் கருத்து. நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை, பையில் 500 மில்லிலிட்டருக்கு மேல் சேராதபடி வடிக்கும் இம்முறை இன்று உலகெங்கும் வழங்குகிறது. கைகள் இயங்குவோர் தாமே செய்துகொள்ளலாம். இயங்காதோர்க்கு வீட்டார் கற்றுச் செய்யலாம்.

நம் நாட்டிலும் இப்பாடம் வேரூன்றியதுண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நாம் வாழும் தில்லியிலும் ஒரு சான்று உண்டு. 1965 மே மாதம் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த மேஜர் அலுவாலியா, அவ்வாண்டுப் போரிலேயே முதுகுத்தண்டில் குண்டடி பட்டார். ஸ்டோக் மாண்டவிலில் மருத்துவம் பெற்றுத் திரும்பியவர், வசந்த குஞ்சில் இந்திய முதுகுத்தண்டுக் காய மையத்தை நிறுவினார். 2022-ல் அவர் மறையும்போது காயம்பட்டு 56 ஆண்டுகள் கடந்திருந்தன.

உடனே மருத்துவரை அழைக்கவேண்டிய அறிகுறிகள்

இளைஞர்க்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் எரிச்சலும் கடுப்பும் காட்டும். முதியவர்க்கு அவை இல்லாமலும் இருக்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றினால், உறங்கிக்கொண்டே இருந்தால், உணவை மறுத்தால், அது வயதுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. தொற்று, உடலில் நீர் வற்றுதல், நிரம்பிய பை, மருந்தின் விளைவு ஆகிய எதுவும் காரணமாகலாம். குளிருடன் காய்ச்சல், விலாப்புற வலி, சிறுநீரில் இரத்தம், பல மணி நேரம் நீர் இன்மை, குழாய் அடைபட்டு அதன் ஓரமாய் வழிதல் ஆகியன பொறுத்திருக்கத்தக்கவை அல்ல.

மார்பின் நடுவிலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டில் அடிபட்டவர்க்குத் தனியே ஓர் ஆபத்து உண்டு. பை நிரம்பினாலோ குழாய் அடைபட்டாலோ இரத்த அழுத்தம் திடீரென்று உயரும். மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். முகம் சிவந்து வியர்க்கும். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுகிய ஆடையைத் தளர்த்தி, குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதே வேளையில் மருத்துவ உதவிக்கும் ஆளனுப்ப வேண்டும். நிமிடங்களின் கணக்கில் உயிர் ஊசலாடும் நிலை இது.

வீட்டார் செய்யத்தக்கவை

முதலாவது, மருத்துவர் அனுமதித்த அன்றே நோயாளியை உட்காரவைப்பது. தலையணை சாய்த்தோ, நாற்காலியிலோ, சில நிமிடங்களேனும் உட்காரட்டும். படுத்திருக்கும்போது பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். இயலுமானால் பெட்பேனுக்குப் பதிலாகக் கட்டிலருகே கமோடு நாற்காலி வைத்து அதில் அமர்த்துங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, அவர் கேளாமலே, "நீர் கழிக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்டபின் கதவைச் சாத்திவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள். துணி நனைந்தால் உடனே மாற்றிவிடுங்கள். ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் புண்ணாகும். பெண்களுக்குக் கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். மலச்சிக்கல் வராமல் காயும் கீரையும் பழமும் கொடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். இதயமோ சிறுநீரகமோ பழுதுற்று மருத்துவர் அளவு வகுத்திருந்தால் அதை மீறலாகாது. அத்தகைய தடையில்லாதவர்க்கு நாளெல்லாம் பரவலாகச் சேர்த்து ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர்ப்பொருள் சேரலாம். கோடையில் இன்னும் சற்று வேண்டும். பார்லிக் கஞ்சி, மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஆகும். சிறுநீரகம் பழுதானவர்க்கு இளநீரைக் கேளாமல் கொடுக்காதீர்கள். அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரின் நிறம் வெளிர்மஞ்சளாக இருப்பின் தண்ணீர் போதுகிறது என்று அறியலாம்.

தண்ணீர் கொடுப்பது எளிது. அதைக் குடிக்கச் செய்வதே கடினம். படுக்கையிலிருக்கும் பெரியவர்கள் பலர் தாமே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். "தாகமில்லை, வேண்டாம்" என்பார்கள். தாகமில்லாமல் அன்று. குடித்தால் நீர் வரும். வந்தால் மருமகளை அழைக்கவேண்டும். இரவில் மகன் எழவேண்டும். துணி நனைந்தால் யாராவது முகம் சுளிப்பார்கள். வாழ்நாளெல்லாம் பிறர்க்குச் செய்தே பழகியவர்கள் தமக்குப் பிறர் செய்வதைத் தாங்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரமாகாமலிருக்க வேண்டும் என்று நாவறள இருந்து, அதனாலேயே கல்லும் தொற்றும் காய்ச்சலும் தேடிக்கொண்டு, இன்னும் பெரிய பாரமாகிவிட்டோமே என்று அழும் தாய்மாரை நான் கூடத்தில் கண்டிருக்கிறேன். அவர்களுக்குச் சொல்லவேண்டிய மருந்து ஒன்றுதான்: "நீ குடி, அம்மா. எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடு." இதை முகம் மலர்ந்து சொல்பவர் வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.

தொலைவிலிருக்கும் நாம் துணி மாற்றவோ புரட்டிப் படுக்கவைக்கவோ இயலாது. ஆனால் பேசலாம். இன்றிரவு ஊருக்குப் பேசும்போது அந்த நான்காவது கேள்வியையும் கேளுங்கள். கேட்டு, தொலைபேசியை நோயாளியிடமே கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்குமாறு மகன் சொல்வதை, மகள் சொல்வதை, அவர்கள் தட்டமாட்டார்கள். பக்கத்திலிருந்து பணிசெய்யும் தாய்க்கும் தங்கைக்கும் அண்ணிக்கும் இரண்டு நல்ல வார்த்தை சொல்ல மறவாதீர்கள். விடுமுறைக்குச் செல்லும்போது ஓர் இரவேனும் அவர்களை உறங்கவைத்துவிட்டு, கட்டிலருகே நீங்கள் விழித்திருங்கள்.